சூரிய ஒளியின் தொலைவும் கோணமும்: கோள்கள் வெப்பமடையும் விதம்

ஒரு கோளின் மேற்பரப்பு எவ்வளவு வெப்பமடையும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் முதன்மையானவை இரண்டு: சூரியனிலிருந்து அக்கோள் இருக்கும் தொலைவு, சூரியக் கதிர்கள் அதன் தரையில் விழும் கோணம். கோள் முழுவதற்கும் வந்து சேரும் ஆற்றல் எவ்வளவு என்பதைத் தொலைவு முடிவு செய்கிறது. அந்த ஆற்றல் கோளின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பங்கிடப்படுகிறது என்பதைக் கோணம் முடிவு செய்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், "பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடைக்காலம்" என்ற தவறான விடை தேர்வுத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மாணவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. 1987இல் வெளிவந்த 'எ பிரைவேட் யுனிவர்ஸ்' என்னும் அமெரிக்க ஆவணப்படத்தில், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுள் பலரும் இதே விடையைத்தான் கூறினர்.

தொலைவின் விளைவு

சூரியனிலிருந்து புறப்படும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தொலைவு இரு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஆகவே ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. தொலைவு மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதுவே எதிர்த்தகவு இருமடி விதி.

பூமியின் சராசரித் தொலைவில், வளிமண்டலத்துக்கு மேலே, கதிர்களுக்குச் செங்குத்தாக உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பு சுமார் 1361 வாட் ஆற்றலைப் பெறுகிறது. இது சூரிய மாறிலி எனப்படும். பூமிக்குக் கிடைப்பதை 1 என்று கொண்டால் புதனுக்குச் சராசரியாக 6.7, வெள்ளிக்கு 1.9, செவ்வாய்க்கு 0.43 கிடைக்கின்றன. வியாழனுக்குக் கிடைப்பது 27இல் ஒரு பங்கு. நெப்டியூனுக்கு ஏறத்தாழ 900இல் ஒரு பங்கு.

கோணத்தின் விளைவு

காலை 7 மணி வெயிலையும் நண்பகல் வெயிலையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சில மணி நேரத்தில் சூரியனின் தொலைவு குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. ஆயினும் காலை வெயில் இதமாக இருக்கிறது. நண்பகலில் வெறுங்காலோடு தரையில் நிற்க முடிவதில்லை. மாறியது கோணமே.

செங்குத்தாக விழும் கதிர்க்கற்றை சிறிய பரப்பில் குவிகிறது. சாய்வாக விழும் அதே கற்றை பெரிய பரப்பில் பரவுகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 90 பாகை உயரத்தில், அதாவது நேர் உச்சியில், இருக்கும்போது தரையின் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பதை 1 எனக் கொள்வோம். 60 பாகையில் அது 0.87, 45 பாகையில் 0.71, 30 பாகையில் 0.50, 15 பாகையில் 0.26 ஆகும். இவை அந்தந்தக் கோணத்தின் சைன் மதிப்புகளே. மேலும், சாய்ந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் கூடுதல் தூரம் கடந்து வருவதால் வழியிலேயே இன்னும் சிறிது ஆற்றலை இழக்கின்றன.

பூமியில் பருவங்கள் தோன்றக் காரணம்

பூமி ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இதனால் கிடைக்கும் ஆற்றலில் ஏற்படும் வேறுபாடு ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே. பருவங்களுக்குத் தொலைவே காரணமானால் உலகம் முழுவதற்கும் ஜனவரியில் கோடை வர வேண்டும். ஆனால் ஜனவரியில் டெல்லி குளிரில் நடுங்குகிறது. அதே நாளில் ஆஸ்திரேலியாவில் கோடை. ஒரே கோள், ஒரே தொலைவு, இரண்டு பருவங்கள்!

உண்மைக் காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதாகும். ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். இலண்டனில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் சுமார் 62 பாகை உயரத்தில் இருக்கும். டிசம்பர் 22இல் வெறும் 15 பாகையே. மேலே தந்த மதிப்புகளின்படி, தரைக்குக் கிடைக்கும் நண்பகல் ஆற்றல் 0.88இலிருந்து 0.26ஆகக் குறைகிறது. பகல் நேரமும் சுமார் பதினாறரை மணியிலிருந்து எட்டு மணிக்கும் கீழே சுருங்குகிறது. இவற்றின் முன் தொலைவால் வரும் 7 விழுக்காடு எடுபடுவதில்லை.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில், 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் டிசம்பரிலும் நண்பகல் சூரியன் 53 பாகைக்கு மேலேயே நிற்கிறது. அதனால்தான் அங்கே கடுங்குளிர் இல்லை. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வரும். அந்த நாள்களில் நட்டு வைத்த கோலுக்கு நிழல் இராது. தரை வெப்பமேறச் சில வாரங்கள் ஆவதால், கத்திரி வெயில் அதன் பின்னர் மே மாதத்தில் வருகிறது.

பிற கோள்கள் தரும் பாடம்

செவ்வாயின் சுற்றுப்பாதை பூமியினுடையதைவிட நீண்டது. சூரியனிலிருந்து அதன் தொலைவு 20.7 கோடியிலிருந்து 24.9 கோடி கிலோமீட்டர் வரை மாறுகிறது. கிடைக்கும் ஆற்றல் அருகில் இருக்கும்போது சுமார் 45 விழுக்காடு கூடுதல். அச்சும் 25 பாகை சாய்ந்திருப்பதால், அங்கே பருவங்களைக் கோணமும் தொலைவும் சேர்ந்தே உருவாக்குகின்றன. ஆகவே "தொலைவுக்குப் பருவத்தோடு தொடர்பே இல்லை" என்று பொதுவாகக் கூறுவதும் பிழை. பூமியைப் பொறுத்தவரை அதன் பங்கு சிறிது என்பதே சரி.

புதன் இன்னும் வியப்பானது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள அதன் பகல் வெப்பநிலை சுமார் 430 செல்சியசு வரை உயர்கிறது. ஆனால் அதன் அச்சு ஏறக்குறையச் சாய்வே இல்லாதது. எனவே துருவங்களில் கதிர்கள் தரையை ஒட்டியே வருகின்றன. அங்குள்ள ஆழமான பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை. அப்பள்ளங்களில் உறைபனி இருப்பதற்கு மெசஞ்சர் விண்கலம் 2012இல் வலுவான சான்று அளித்தது.

வெள்ளி மற்றோர் எச்சரிக்கை. புதனைவிடத் தொலைவில் இருந்தும் அதன் தரை சுமார் 460 செல்சியசு வெப்பத்தில் இருக்கிறது. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலம் வெப்பத்தைப் பிடித்து வைப்பதே காரணம். வந்து சேரும் வெப்பத்தைத்தான் தொலைவும் கோணமும் சொல்லும். தங்கும் வெப்பத்தைச் சொல்ல வளிமண்டலத்தையும் பார்க்க வேண்டும்.

வகுப்பறைச் செய்முறைகள்

1. தொலைவு: ஓர் அட்டையின் நடுவில் 2 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துளையிடுங்கள். இருட்டறையில், கைப்பேசி விளக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி அதை நிறுத்துங்கள். விளக்கிலிருந்து 20 செ.மீ. தொலைவில் வரைபடத் தாளைப் பிடித்தால் ஒளிச்சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 4 செ.மீ.; 30 செ.மீ. தொலைவில் 6 செ.மீ. பரப்புகள் 4, 16, 36 என அமையும். அதாவது 1, 4, 9.

2. கோணம்: டார்ச் விளக்கின் முகப்பில் கறுப்புத் தாளைக் குழலாகச் சுற்றுங்கள். தொலைவை மாற்றாமல், முதலில் தாளில் செங்குத்தாகவும் பிறகு 30 பாகைச் சாய்விலும் ஒளியை விழச் செய்யுங்கள். ஒளிபட்ட கட்டங்களை எண்ணினால் இரண்டாவது ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். ஒளியும் மங்கித் தெரியும்.

3. வெயில்: கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு ஒரே அளவுத் தகடுகளின் பின்புறம் வெப்பநிலைமானிகளை ஒட்டுங்கள். ஒன்றைச் சூரியனுக்கு நேராகவும் மற்றதை நன்றாகச் சாய்த்தும் 10 நிமிடம் வையுங்கள். தகட்டில் செங்குத்தாக ஒட்டிய குண்டூசியின் நிழல் மறைந்தால் அது சூரியனுக்கு நேராக இருக்கிறது என்று பொருள். யாரும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

இத்தவறான கருத்துக்குக் கரும்பலகைப் படங்களும் ஒரு காரணம். பூமியின் பாதையை முட்டை வடிவில் நீட்டி வரைந்தால், அருகில் இருந்தால் வெப்பம் என்றே பிள்ளைகள் முடிவு செய்வார்கள். பாதையை 20 செ.மீ. நீளத்துக்கு அளவுப்படி வரைந்தால், அதன் அகலம் நீளத்தைவிட 0.03 மி.மீ. மட்டுமே குறைவு, பென்சில் கோட்டின் தடிமன்கூட அதைவிட அதிகம். சூரியன் நடுவிலிருந்து 1.7 மி.மீ. விலகியிருக்கும். எனவே காம்பசால் வட்டமாகவே வரைந்து, அச்சின் சாய்வை நான்கு இடங்களிலும் ஒரே திசையில் காட்டுவது நல்லது.

விடையைச் சொல்லும் முன் மாணவர்களின் கருத்தைக் கேட்டு, பலகையில் எழுதி வையுங்கள். அடுத்து, "ஜனவரியில் நாம் அருகில் இருக்கிறோம், பிறகு ஏன் மார்கழி, தை மாதங்களில் குளிர்கிறது?" என்று கேளுங்கள். தம் விடை தம் அனுபவத்தோடு மோதுவதைத் தாமே கண்டுகொண்ட மாணவர், மனப்பாடம் செய்தவரைப்போல அதைத் தேர்வு முடிந்ததும் மறப்பதில்லை.