பாரம் ஏற்றும் சைக்கிளுக்கு ஓர் இழுவை ஆணி

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்திடம் வண்டில் மாடு இராது, உழவு இயந்திரம் இராது. கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சைக்கிள். 1990இல் போர் மீண்டும் மூண்டு வடக்குக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது நெல்லும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே போனார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது பல வீடுகளின் முழுச் சொத்தும் ஒரு கரியருக்குள் அடங்கியது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதுமே சைக்கிளைத் தேடியது, விலையும் ஏறியது. ஆகவே உள்ளதைப் பேணிக்கொள்வதே நமக்கு இலாபம்.

பாரம் ஏற்றும் சைக்கிளில் அடிக்கடி வரும் தொல்லை செயின் தொய்வது. மூடையோடு மேட்டில் ஏறும்போது 'கடக்' என்று பல் தாவும். சில வேளை செயின் கழன்று மிதி வெறுமையாகச் சுழலும்; ஓட்டுபவர் பாரத்தோடு சரிவார். எதிரே லொறி வரும் நேரமானால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செயின் ஏன் தொய்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணி, தேவையில்லாத சாமானுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதலாவது, பின்சில்லின் அச்சு வழுக்குவது. அச்சு, சட்டத்தின் பின்முனையிலுள்ள தகட்டுப் பிளவில் இருந்து, இரு பக்க நட்டுகளின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. மிதித்தண்டு ஏறக்குறைய ஆறரை அங்குலம். முன் பற்சில்லின் ஆரை மூன்றரை அங்குலம் அளவில்தான். எனவே மிதியில் நீங்கள் கொடுக்கும் பாரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசை செயினை இழுக்கிறது. செயின் வலப்பக்கம் இருப்பதால் அச்சின் வலமுனைதான் முன்னே நகரும். சில்லு கோணி, ரயர் இடப்பக்கக் குழாயில் உரசும். ரயரின் இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் இதுவே.

இரண்டாவது, செயினே தேய்வது. செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் அது சுழலும் துளையும் மணலாலும் அழுக்காலும் தேய, அந்தச் சிறு சிறு இடைவெளிகள் சேர்ந்து நீளமாகின்றன. அறிவது எளிது. செயினை இறுக்கிப் பிடித்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து அளவுகோலை வையுங்கள். புதுச் செயினில் இருபத்துநான்காவது ஊசி சரியாக 12 அங்குலத்தில் விழும். அது 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் காட்டினால் அந்தச் செயினின் காலம் முடிந்தது. எந்த இழுவையும் அதைக் காப்பாற்றாது. இறுக்கி ஓட்டினால் பற்சில்லுகளையும் தின்றுவிடும். பிறகு மூன்றையும் வாங்க நேரும்.

செயின் நல்லது, அச்சுத்தான் வழுக்குகிறது என்றால் தேவைப்படுவது இழுவை ஆணி. அச்சைப் பின்னோக்கிப் பிடித்து வைத்திருக்கும் சிறு கருவி அது. புதிதாக வரும் பல சைக்கிள்களில் இருக்கும். பழையதில் துருப்பிடித்து எப்போதோ விழுந்திருக்கும். கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. கிடைக்காத இடத்தில் நாமே செய்யலாம். ஆனால் உங்கள் சைக்கிளின் பிளவு பின்புறமாகத் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்புறம் திறந்த பிளவுக்கு இந்த அமைப்புப் பொருந்தாது.

வேண்டியவை: 6 மி.மீ. தடிப்பும் நாலரை அங்குல நீளமும் உள்ள இரண்டு போல்ட்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நட்டுகள், 3 மி.மீ. தடிப்பான ஓரங்குலச் சதுர இரும்புத் தகடு இரண்டு. வீசப்பட்ட பழைய அச்சு ஒன்றும் வேண்டும். அதுவே நமது அச்சுவார்ப்பு. சிரட்டைக் கரி நெருப்பும் சுத்தியலும் குறடும் போதும். பக்கத்தில் கொல்லர் பட்டறை இருந்தால் அரைமணி நேர வேலை.

போல்டின் தலையை வாளால் அறுத்துவிடுங்கள். தலையிருந்த பக்கத்தை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சுங்கள்; புரி உள்ள பக்கம் நெருப்புக்கு வெளியே இருக்கட்டும். காய்ந்ததும் பழைய அச்சைச் சுற்றி வளைத்து முழு வளையமாக்குங்கள். இதற்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் செலவாகும். மீண்டும் காய்ச்சி, வளையத்தை மட்டும் 4 மி.மீ. தடிப்புக்குத் தட்டிச் சப்பையாக்குங்கள். பிறகு வளையத்தை அடுத்த இடத்தில் தண்டைச் சற்று உட்புறம் வளையுங்கள். வளையம் சட்டத் தகட்டின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்க, தண்டு பிளவுக்குள் நேராகப் படுக்க வேண்டும். இந்த நெளிவில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. அது சரியில்லையென்றால் தண்டு உள்ளே துருத்தி செயினில் உரசும். குளிர்ந்த பின் சைக்கிளில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

சூடான இரும்பைத் தண்ணீரில் தோய்க்க வேண்டாம். என்ன உருக்கு என்று தெரியாத போல்ட் அப்படிச் செய்தால் முறியும், சாம்பலில் ஆறவிடுங்கள். வெள்ளைப் பூச்சுள்ள போல்டைக் காய்ச்சும்போது எழும் புகை நஞ்சு. பூச்சை அரத்தால் அராவிவிட்டு, காற்றோட்டமான வெளியில், பிள்ளைகளை விலக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தகட்டின் நடுவில் தண்டு தாராளமாக நுழையும் துளை இடுங்கள். இது பிளவின் வாயை மறித்து நிற்கும் பாலம். இனிப் பூட்டலாம். அச்சின் நட்டைக் கழற்றி வளையத்தை அச்சில் மாட்டி, தண்டில் பாலத்தை நுழைத்து, பின்னால் ஒரு நட்டை ஏற்றுங்கள். அந்த நட்டைத் திருகினால் பாலம் சட்டத்தை அழுத்தும், வளையம் அச்சைப் பின்னே இழுக்கும். வளையத்தின் தடிப்பால் அச்சுப்புரி குறைந்து போகலாம். அச்சு நட்டு முழுவதும் புரியில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஒரு வொஷரை எடுத்துவிடுங்கள். அரைகுறையாக ஏறிய நட்டோடு ஓட வேண்டாம்.

6 மி.மீ. போல்டில் வழமையாக ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். வலமும் இடமும் மாறி மாறி அரைச் சுற்றாகத் திருகி, ரயருக்கும் இரு பக்கக் குழாய்க்கும் உள்ள இடைவெளி சமமாகும்படி பாருங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவை விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். பற்சில்லுகள் முழு வட்டமாக இருப்பதில்லை. ஆகவே மிதியை மெதுவாகச் சுற்றி, செயின் ஆக இறுகும் இடத்தில் அளவை எடுங்கள். வீணை நரம்புபோல் இறுக்குபவர்களும் உண்டு. அது போல்ஸையும் அச்சையும் தின்னும், ஓட்டுபவரின் காலையும் வருத்தும். அளவு சரியானதும் அச்சு நட்டுகளை நன்றாக இறுக்கி, தண்டில் இரண்டாவது நட்டைப் பூட்டாக ஏற்றுங்கள். சில்லு நகர்ந்ததால் பின் பிரேக் கட்டைகள் றிம்மில் ஒழுங்காகப் படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அச்சு பிளவின் பின்முனைக்கே வந்துவிட்டது, செயினும் அளவுக்குள் இருக்கிறது என்றால் ஒரு சோடிக் கண்ணியைக் கழற்றலாம். அது ஓரங்குலம், அச்சு அரை அங்குலம் முன்னே வரும். செயினின் கீழே சிறு உருளையொன்றை ஸ்பிரிங்கோடு மாட்டித் தொய்வை எடுப்பாரும் உண்டு. பிளவே இல்லாத சட்டத்துக்கு வேறு வழியில்லை. அப்படியானால் உருளை கீழ்ப்பக்கச் செயினில் மட்டுமே இருக்கலாம். பின்னோக்கி மிதித்துப் பிரேக் பிடிக்கும் சைக்கிளில் அதுவும் கூடாது, பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கமே இறுகும். மூடை ஏற்றும் சைக்கிளுக்கு உருளையை நான் விதந்துரைக்க மாட்டேன்.

பூட்டிய பின் முதல் நாள் பாரத்தோடு இரண்டு மூன்று மைல் ஓடிவிட்டு, அச்சு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிய வளையம் அப்போதுதான் படிந்து அமரும். அதன் பிறகும் வலப்பக்க நட்டு தளர்ந்தால் குறை இழுவையில் இல்லை. நட்டின் புரியோ அச்சின் புரியோ தேய்ந்திருக்கிறது. முதலில் நட்டை மாற்றிப் பாருங்கள், விலை குறைந்தது அதுதான்.