பக்கத்து வீட்டுப் பூனைக்கு யார் ஆபரேஷன் செய்வது?

எலி பிடித்தால் "எங்க ராணி பிடிச்சா". என் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துவிட்டது என்று போய் நின்றால், "அது தெருப் பூனை தம்பி, சும்மா வந்து போவும்". பக்கத்து வீட்டு அக்காவோடு இரண்டு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. அக்கா கெட்டவர் இல்லை. காலையில் பால் சோறு வைப்பார், ஞாயிற்றுக்கிழமை மீன் தலை. ஆனால் ஊருக்குப் போனால் பத்து நாள், பதினைந்து நாள். அந்த நாட்களில் ராணி எங்கள் வீட்டு சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து கத்தும். நான் சோறு வைப்பேன்.

இந்த இரண்டு வருஷத்தில் ராணி மூன்று ஈற்று போட்டது. மொத்தம் பதினொரு குட்டிகள். எங்கள் மொட்டைமாடி தண்ணீர் டேங்குக்குப் பின்னால்தான் எல்லாமே. இரண்டு பிழைத்தன. மீதி ஒன்பதில் நான்கை நானே துணியில் சுற்றிப் புதைத்திருக்கிறேன். ஐந்து என்னவாயின என்று தெரியாது. கடைசி ஈற்று கார்த்திகை மழையில். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் நான் நினைத்தது, நம் தெருவின் துரதிர்ஷ்டம் இது என்று. இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப் பூனைகளைப் பின்தொடர்ந்து 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 169 குட்டிகளைக் கணக்கெடுத்தார்கள். ஆறு மாதம் ஆவதற்குள் 127 செத்துப்போயின அல்லது காணாமல் போயின. நூற்றுக்கு எழுபத்தைந்து. என் மொட்டைமாடிக் கணக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது. "ஒரு ஜோடிப் பூனை ஏழு வருஷத்தில் நான்கு லட்சமாகப் பெருகும்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒரு குட்டிகூடச் சாவதில்லை. உண்மையில் பிரச்சினை பூனைகள் லட்சமாவது இல்லை, பிறப்பதில் பெரும்பாலானவை சும்மா செத்துப்போவதுதான்.

ஏன் இவ்வளவு வேகமாகக் குட்டி போடுகிறது? பூனையின் உடம்பு நம்முடையதைப் போல் வேலை செய்வதில்லை. பெட்டைப் பூனைக்குக் கருமுட்டை தானாக மாதாமாதம் வெளிவராது. கடுவன் சேர்ந்த பிறகுதான், அந்தத் தூண்டுதலால் வெளிவரும். அதனால் சேர்க்கை நடந்தால் பெரும்பாலும் சினைதான். ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களின் குட்டிகள்கூட இருக்கலாம். ராணியின் குட்டிகள் ஒன்று சாம்பல், ஒன்று செம்பழுப்பு என்று இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சேரவில்லை என்றால் பருவம் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். ராத்திரி குழந்தை அழுவது போலக் கேட்குமே, அதுதான். ஆகவே "வீட்டுக்குள்ள பூட்டி வச்சா போதும்" என்பது நடக்காது. பூட்டி வைத்தால் அது கத்துகிற கத்தில் நீங்களே கதவைத் திறந்து விட்டுவிடுவீர்கள்.

சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சில பூனைகள் மறுபடி சினையாகிவிடும். பெட்டைக் குட்டி நான்கிலிருந்து ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். குளிர் நாடுகளில் பகல் நேரம் சுருங்கும்போது பூனைகளுக்கு இதில் ஓர் ஓய்வு உண்டு. நம் ஊரில் பகல் அவ்வளவாகச் சுருங்குவதே இல்லை, ஓய்வும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி வந்தது. அக்கா ஊருக்குப் போனபோது சோறு வைத்தது நான். நன்றாகத் தின்ற பூனை சீக்கிரம் தேறும், சீக்கிரம் சினையாகும். சோறு வைத்துவிட்டுக் கருத்தடையைப் பற்றி யோசிக்காமல் இருந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது.

தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர், "கோணியில கட்டி மீன் மார்க்கெட்டில விட்டுட்டு வாங்க" என்றார். விட்டால் இரண்டு மாதத்தில் அந்த இடத்துக்கு வேறு பூனை வரும், டேங்குக்குப் பின்னால் குட்டி இருந்தால் அது பட்டினியில் சாகும். இன்னொருவர் எலி மருந்து என்றார். பாரதிய நியாய சம்ஹிதையின் 325-வது பிரிவின்படி விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருஷம்வரை சிறை என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

சரி, சட்டப்படி அக்காவைக் கேட்கலாமா? 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில், வளர்ப்பவர் போதிய சாப்பாடு, தண்ணீர், தங்க இடம் கொடுக்காவிட்டால் அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் ஆகும். வீட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதும் இல்லை.

உண்மையைச் சொன்னால், அக்கா ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போய்ச் செய்துவிடலாமா என்று நினைத்தேன். அவர்தான் தெருப் பூனை என்று சொல்லிவிட்டாரே! ஒரு நாள் வேண்டுமென்றே, "அப்போ நான் எடுத்துட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிடறேன்க்கா" என்றேன். "ஐயோ, எங்க ராணியை ஏன் தம்பி அறுக்கணும்?" என்று பதறிவிட்டார். அப்போதுதான் புரிந்தது. யாருடைய பூனை என்று வாதாடுவதில் பிரயோஜனமே இல்லை. திருட்டுத்தனமாகச் செய்தாலும், வயிற்றில் தையலோடு திரும்பிப் போய்ப் படுக்கப்போவது அவர் வீட்டில். அடுத்த பத்து நாள் பார்த்துக்கொள்ள வேண்டியதும் அவர்தான். அவர் சம்மதிக்காமல் இது முடியாது.

எனவே பேச்சை மாற்றினேன். புகார் சொல்வதை நிறுத்திவிட்டு, அவருக்கு என்ன பயம் என்று கேட்டேன். மூன்று விஷயம் வந்தது. குட்டி போடாமல் பண்ணுவது பாவம். ஒரு தடவையாவது பெற்றால்தான் உடம்புக்கு நல்லது. மூன்றாவதைக் கடைசியில்தான் சொன்னார்: அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது.

இரண்டாவதற்கு டாக்டர் சொன்னதையே சொன்னேன். பெற்றால் நல்லது என்பதற்கு ஆதாரம் இல்லை, நேர்மாறாக, சீக்கிரம் கருத்தடை செய்த பெட்டைக்கு மார்பில் கட்டி வரும் ஆபத்து பெரிதும் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடித்துச் சாகிற நோயும் வராது. முதலாவதற்கு நான் வாதம் எதுவும் செய்யவில்லை. டேங்குக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் அங்கே ஏறி வந்ததே இல்லை. முழங்கால் வலி. கொஞ்ச நேரம் நின்றார். "இத்தனையுமா?" என்றார்.

பணத்துக்குப் பாதி நான், கால்வாசி அக்கா, மீதி மாடி வீட்டுப் பையன்கள் இருவர். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, ப்ளூ கிராஸ் இருக்கிறது. எனக்கு லீவு கிடைத்த நாள் தோதுப்படாததால் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போனேன், 4,500 ரூபாய் ஆனது.

பிழைத்த குட்டி பால் மறக்கும்வரை காத்திருந்தோம். அதற்குள் ராணி வெளியே போகாமல் அக்கா வீட்டில் அடைத்து வைத்தோம், ராத்திரிகள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுவது. "பாவம், பசிக்கும்" என்று யாராவது காலையில் பால் வைத்துவிட்டால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போகலாம். அக்காவிடம் மூன்று முறை சொன்னேன். கூண்டு வாடகைக்கு வாங்கி, முந்தின நாளே வீட்டுக்குள் திறந்து வைத்து, உள்ளே கருவாடு போட்டுப் பழக்கியிருந்தோம். ஏறியதும் மேலே ஒரு பழைய லுங்கியை மூடினால் கத்தல் பாதியாகிவிடும்.

வந்த பிறகு பத்து நாள் மாடி ஏறவிடாமல், தையலை நக்கவிடாமல் பார்க்கவேண்டும். இரண்டாம் நாள் ராணி சுருண்டு கிடந்ததைப் பார்த்து அக்கா காய்ச்சல் மாத்திரை கொடுக்கப் போனார். நல்லவேளை, என்னைக் கேட்டார். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இப்போது ராணிக்கு இடது காது நுனி கொஞ்சம் வெட்டியிருக்கும். ஆபரேஷன் ஆனது என்பதற்கு அடையாளம், வேறு யாராவது பிடித்து மறுபடி அறுத்துவிடக் கூடாது என்று. குட்டி பெட்டைதான். ஒரு கிலோ எடை வந்ததும் அதற்கும் செய்தாகிவிட்டது, அதற்கு அக்காவே வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கூட்டர் சீட்டில் மூத்திரம் அடிக்கிற செம்பழுப்புக் கடுவன் மட்டும் பாக்கி. கடுவன் மூத்திரத்தின் அந்த நாற்றத்துக்கு ஃபெலினைன் என்ற பொருள் காரணம், விதை எடுத்தால் அது குறையும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள், மூத்திரத்தோடு சேர்ந்து நச்சு வாயு வரும். அந்தக் கடுவன் யார் வீட்டுப் பூனை என்று தெருவில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் தெருப் பூனை என்றார்கள். இந்த முறை அக்காதான், "சனிக்கிழமை கூண்டு கெடைக்குமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.