கைடுக்கு வயது 3,500-க்கும் மேல்! தெரியுமா?

பரீட்சை நெருங்கிவிட்டால் புத்தகக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. “பத்தாவது கோனார் இருக்கா அண்ணே?”, “பிளஸ் டூ கணக்கு கைடு வந்துடுச்சா?” என்று குரல்கள் முட்டி மோதும். கைடு, நோட்ஸ் எல்லாம் நேற்று முளைத்த சமாச்சாரம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லவே இல்லை. கேட்டால் மலைத்துப்போவீர்கள்!

கி.மு. 1550 வாக்கிலேயே எகிப்தில் ஒரு கணக்குக் கைடு இருந்தது தெரியுமா? அஹ்மோஸ் என்ற எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் எழுதியது. அதுகூட அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. தமக்கும் முந்தைய ஏடு ஒன்றைப் பார்த்துப் படியெடுத்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். 80-க்கும் மேற்பட்ட கணக்குகள், விடைகள், செய்முறைகள், பல இடங்களில் விடை சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் வழியும் உண்டு. பத்து ஆட்களுக்கு ரொட்டியைப் பங்கு போடுவது எப்படி, குதிரில் எவ்வளவு தானியம் பிடிக்கும் என்றெல்லாம் போகிறது. அதில் 79-ஆவது கணக்கைப் பாருங்கள்: 7 வீடு, வீட்டுக்கு 7 பூனை, பூனைக்கு 7 எலி, எலிக்கு 7 கதிர், கதிருக்கு 7 மரக்கால் தானியம். எல்லாவற்றையும் கூட்டினால் 19,607. கதிர்களின் எண்ணிக்கை 2,401 என்று வர வேண்டிய இடத்தில் அஹ்மோஸ் கைதவறி 2,301 என்று எழுதிவிட்டார். ஆனால் மொத்தம் மட்டும் மிகச் சரி! 1858-இல் ரைண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லக்சர் நகரில் விலைக்கு வாங்கிய அந்தச் சுருள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று கொண்டாடப்படும் சாசர் ஒரு கைடு எழுதியிருக்கிறார், தெரியுமா? 1391-இல், நட்சத்திரங்களை அளக்கும் அஸ்ட்ரோலேப் கருவியைப் பற்றி, பத்து வயதுச் சிறுவன் லூயிஸுக்காக. பையனுக்கு லத்தீன் அவ்வளவாக வராது என்று, படித்தவர்களின் லத்தீனை ஒதுக்கிவிட்டு எளிய ஆங்கிலத்தில் எழுதினார். அச்சு இயந்திரம் கண்ட குட்டன்பர்க் பைபிளோடு நிற்கவில்லை. டொனாட்டஸ் என்பவர் 4-ஆம் நூற்றாண்டில் வினா விடையாக எழுதிய லத்தீன் இலக்கணப் புத்தகத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்.

நம் பக்கம் வருவோம். இங்கேதான் உண்மையான ஆச்சரியம்!

ஒரு நல்ல கைடு எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூல் இலக்கணமே வகுத்திருக்கிறது, தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நூல் அது. உரையில் இடம்பெற வேண்டியவை என்று 14 அம்சங்களை அடுக்குகிறார். அதோடு விடவில்லை. காண்டிகை உரை என்று ஒரு வகையைத் தனியாகச் சொல்கிறார். கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தும் சேர்ந்தது அது. இன்றைக்குக் கடையில் வாங்கும் எந்தத் தமிழ் கைடையும் புரட்டுங்கள். பாடச் சுருக்கம், சொற்பொருள், எடுத்துக்காட்டு, கேள்வி, பதில் என்று அதே ஐந்தும் வரிசையாக நிற்கும்! 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதினார். இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை என்று மாணவர்களுக்கான புத்தகங்களை அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரேதான்.

“உரையைப் பிடித்தால் மூலத்தை விட்டுவிடுவார்கள்” என்று கைடுகள் மீது ஒரு பழி உண்டல்லவா? அப்படிச் சொல்பவர்கள் உ.வே.சாமிநாதையரின் கதையைக் கேட்க வேண்டும். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அதுவரை படித்ததில்லை. நூலைக் கையில் எடுத்தால் ஒன்றும் பிடிபடவில்லை. கூடவே நச்சினார்க்கினியரின் உரை இருந்தது, அதுதான் கைகொடுத்தது. அந்த உரையிலோ, எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற பெயரே இல்லாமல் எத்தனையோ மேற்கோள் வரிகள்! இவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்கினார் ஐயர். தேடப் போன இடத்தில் சங்க இலக்கியச் சுவடிகள் கிடைத்தன. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று அச்சேறின. உரை மூலத்தை மறக்கடித்ததா? மறந்துபோயிருந்த மூலங்களை நோக்கி விரல் நீட்டியதே அந்த உரைதான்!

கோனார் நோட்ஸின் கோனார் உண்மையான ஒரு தமிழாசிரியர் என்பது தெரியுமா? திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயம்பெருமாள் கோனார்தான் அவர். பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் செய்யுள் பகுதியைத் தாண்டினார்கள். புரியாமல் பேசுகிறவரைப் பார்த்து “இதுக்குக் கோனார் நோட்ஸ் வேணும்” என்று சொல்லும் அளவுக்கு அது வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டது.

அதன் அருமை தெரிய ஒரே ஒரு சொல் போதும்: ‘வந்தனன்’. இதற்குப் பகுபத உறுப்பிலக்கணம் எழுது என்கிறது வினாத்தாள். ‘வா’ பகுதி, அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். ‘த்’ சந்தி, அது ‘ந்’ ஆனது விகாரம். இன்னொரு ‘த்’ இறந்தகால இடைநிலை. முதல் ‘அன்’ சாரியை. கடைசி ‘அன்’ ஆண்பால் வினைமுற்று விகுதி. ஐந்தே எழுத்துச் சொல்லுக்குள் இத்தனை! பள்ளி வாசலை மிதித்திராத அப்பா அம்மாவிடம் ஒரு பிள்ளை இதை எப்படிக் கேட்கும்? டியூஷனுக்குக் கொடுக்கப் பணமில்லாத வீட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அந்தக் கைடை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆசிரியர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. மெல்லக் கற்போருக்கான கையேடு என்று அரசுப் பள்ளி ஆசிரியர்களே கூடி உட்கார்ந்து தயாரித்துக் கொடுப்பது அதனால்தான். கைடு வைத்திருப்பதே குற்றம் என்று திட்டுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கைடு வரிசையான கிளிஃப்ஸ்நோட்ஸ் ஒரு வீட்டின் நிலவறையில் பிறந்தது தெரியுமா? 1958-இல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், கிளிஃப்டன் ஹில்லகஸ் என்பவர் 4,000 டாலர் கடன் வாங்கி, ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களுக்கு நோட்ஸ் போட்டார். மூல நூலைப் படிக்காமல் இதை மட்டும் படிப்பது போதாது என்று தம் கையெழுத்தோடு அதில் அச்சிட்டார். ஜப்பானிலோ 1954-இல் தொடங்கிய ‘அகாஹோன்’ வரிசை இன்று சிவப்பு அட்டைப் புத்தகங்களாக வருகிறது. பல்கலைக்கழகம் வாரியாகப் பழைய நுழைவுத் தேர்வு வினாக்களும் விடைகளும் தனித்தனிப் புத்தகமாக!

கைடை எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்பதற்கு விடை ஆராய்ச்சியிலேயே இருக்கிறது, தெரியுமா? 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தைச் சராசரியாக 14 தடவை படித்தது. இன்னொரு குழு மூன்று, நான்கு தடவை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே கெட்டிக்காரர்கள்: 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் போனது. தலைகீழ்! 14 தடவை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிச்சம். மூடி வைத்து எழுதியவர்களுக்கோ 61 சதவீதம். இதில் இன்னும் வியப்பு என்னவென்றால், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அந்த 14 தடவைக்காரர்கள்தான்!

ஆக, வினாவையும் விடையையும் அடுத்தடுத்து வைத்த பவணந்தியாரின் ஏற்பாட்டில் இருக்கிற முழுப் பலனும் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் பார்க்கும் பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது. விடையை நோட்டில் அப்படியே பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு அந்தப் பலன் வராது. வீட்டுப்பாடம் என்ற பெயரில் அப்படிப் பார்த்தெழுதச் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும்.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளையின் கைடை வாங்கி, அதிலிருந்து ஐந்து கேள்விகளை நீங்கள் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும், “மூடி வைச்சுட்டுச் சொல்லு கண்ணு” என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்டு முடிந்ததும் அந்தக் கைடைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பாடத்திட்டம் மாறவில்லை என்றால், அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும். கொண்டுபோய்க் கொடுங்கள்.