உகாய்க்காயின் காரம்: நற்றிணை 66ஆம் பாடலும் தாவர வேதியியலும்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களைச் சூழ்ந்த உவர்மண் புதர்களில் காணப்படும் சிறுமரங்களுள் ஒன்று உகாய். தாவரவியலார் இதனைச் சால்வடோரா பெர்சிகா என்பர். இசுலாமியர் பல் துலக்கப் பயன்படுத்தும் மிஸ்வாக் குச்சி இம்மரத்தினின்றே பெறப்படுகிறது. உடன்போக்குச் சென்ற மகளை எண்ணித் தாய் இரங்கும் நற்றிணை 66ஆம் பாடலில் இதன் காய் மிளகின் சுவையுடையதாகக் கூறப்படுகிறது. அதனை உண்ட புறா நெடுங்கிளையில் ஏறிக் கழுத்துச் சுழல வருந்துகிறது. இவ்வுவமை புனைந்துரையா, கண்டுரைத்ததா என்பது ஆராயத்தக்கது.

உகாயும் கடுகும் பிராசிகேல்ஸ் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இவ்வரிசைத் தாவரங்கள் பெரும்பாலும் குளுக்கோசினோலேட் எனும் கந்தகச் சேர்மத்தையும், அதனைச் சிதைக்கும் மைரோசினேஸ் நொதியையும் தனித்தனியே சேமித்து வைக்கின்றன. பூச்சி கடித்துத் திசு நசுங்கும்போதே இரண்டும் கலந்து, காரமும் நச்சுத்தன்மையும் உடைய ஐசோதயோசயனேட் உண்டாகிறது. கடுகில் தோன்றுவது அல்லைல் வகை. உகாயில் பென்சைல் வகை.

இக்காவலைக் கடந்து வாழும் பூச்சிகளும் உள. அசுவினி இலையை மெல்லுவதில்லை. ஊசி போன்ற வாயுறுப்பை உயிரணுக்களின் இடைவெளியில் செலுத்திச் சாற்றை உறிஞ்சுவதால் கலப்பு பெரிதும் தவிர்க்கப்படுகிறது. முட்டைக்கோசு அசுவினியோ ஒருபடி மேலே சென்று, அச்சேர்மத்தைத் தன் உடலில் சேர்த்து, தானே உண்டாக்கும் மைரோசினேஸ் கொண்டு தன் பகையை எதிர்க்கிறது. உகாயிலையை உண்டு வளரும் கொலோட்டிஸ் அமாட்டா வண்ணத்துப்பூச்சியும் கடுகினச் செடிகளை உண்ணும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்ததே.

ஆகவே உகாய்க்காயின் காரம் கண்டுரைத்ததே எனக் கொள்ளலாம். எனினும் மிளகின் காரம் பைப்பரினால் அமைவது; உகாயின் காரமோ கடுகினது. ஐயவி என்னும் கடுகைச் சங்கப் புலவர் அறிந்திருந்தும் இங்கு மிளகே உவமையாயிற்று. காய் உருவிலும் அளவிலும் மிளகை ஒத்திருப்பது அதற்குக் காரணமாகலாம். பழுத்த கனியைப் பறவைகள் விரும்பி உண்ணும்; பாடல் சுட்டுவதோ காய். புறாவின் தளர்ச்சி இச்சேர்மத்தால் விளைந்தது என அறுதியிட இயலாதெனினும், உண்டபின் வருந்துவதாகக் காட்டியது பொருந்தாக் கற்பனையன்று.

பாலைப்பாடலில் வரும் மரம் நெய்தல் நிலத்தில் வளர்வதும் முரணன்று. வறட்சி, உவர் ஆகிய இரண்டிலும் வேர்கொள்ளும் நீரை அடைவதே அரிது; உகாய் இரண்டையும் தாங்குவது.