லயத்துப் படிகளும் 19ஆம் உறுப்புரையும்

மாற்றுத்திறனாளிகளை ஊரிலிருந்து பிரித்து விடுதிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வைத்துக் காப்பதே அவர்களுக்கு நல்லது என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல நாடுகளில் நிலவியது. இலங்கையில் மேரி சாப்மன் என்ற மிஷனரி 1912இல் தொடங்கிய, இரத்மலானையில் நிலைபெற்ற செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலையும் 1920களில் திறக்கப்பட்ட அங்கொடை மனநோய் மருத்துவமனையும் அக்காலத்தவை. சாப்மனின் பாடசாலை கல்வியைத் தந்தது, ஆனால் அதற்காகப் பிள்ளை வீட்டைப் பிரிய வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டை முதலில் எதிர்த்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே. போலியோவால் கை கால் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவரைத் தங்கவைக்கப் பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் இடமிருந்தது. அவரும் தோழர்களும் எழுப்பிய கோரிக்கையிலிருந்து 1972இல் அங்கே சுயாதீன வாழ்வு நிலையம் பிறந்தது. சுயாதீன வாழ்வு என்பது எவர் துணையுமின்றித் தனித்து வாழ்வதன்று. எங்கே, யாருடன் வாழ்வது, எந்த உதவியை எப்போது பெறுவது என்பதை உரியவரே தீர்மானிப்பதாகும். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை இதையே உரிமையாக்குகிறது. இலங்கை அச்சமவாயத்தை 2016இல் ஏற்புறுதி செய்தது.

இலங்கை மலையகத்தின் பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை நோக்கினால் இவ்வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. அங்கே பெரும்பாலான மாற்றுத்திறனாளிகள் எந்த இல்லத்துக்கும் அனுப்பப்படவில்லை, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவிலேயே இருந்தார்கள்; குடும்பம் கைவிடவில்லை என்று இதைப் புகழ்வது எளிது, ஆனால் பெற்றோர் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பின் இஸ்தோப்பு வரையில்தான் ஒருவரால் நகர முடியுமானால், அந்தக் காம்பராவும் அடைத்துவைக்கும் இடமே. லயம் உழைப்பவரைக் குடியமர்த்தத் தோட்ட நிர்வாகம் கட்டியது. தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி ஒருவர் குடும்பத்தில் இருப்பதைப் பொறுத்தே குடியிருப்பு அமைந்ததால், உழைக்க இயலாதவருக்குத் தம் பெயரில் ஒரு கூரை கிடைக்க வழியில்லை. மலைச்சரிவில் கற்படிகள் வழியே எட்டவேண்டிய தண்ணீர்ப் பீலியும் பொதுக் கழிப்பறையும் மிச்சச் சுதந்திரத்தையும் குறைத்தன. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனதிலிருந்து அரசின் நலச்சேவைகள் தோட்ட எல்லையோடு நின்றுவிடுவது வழக்கமாயிற்று. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் நிதி செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைத்தாலும் அதை உருட்டும் பாதையை யார் போடுவது என்ற கேள்விக்கு அதுவரை பதில் சொல்லும் பொறுப்பு எந்த உள்ளூராட்சி மன்றத்துக்கும் இருக்கவில்லை.

தோட்டக் குடும்பங்களுக்குத் தனிக் காணியில் தனி வீடு கட்டித்தரும் திட்டங்கள், வேலையிலிருந்து வீட்டைப் பிரிப்பதால், இத்துறையில் எந்த மறுவாழ்வு நிலையத்தையும்விட முக்கியமானவை எனலாம். உறுதிப்பத்திரத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதே அங்கு வினா. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளோ பொதுக் கட்டடங்களையும் பொதுச் சேவை இடங்களையும் பற்றியவை. அவை தபாலகத்தின் படிக்குப் பொருந்தும், லயத்தின் படிக்குப் பொருந்தா.