தேனீக்குச் சீனி கொடுத்தா அது தேனா?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடில் எங்க வீட்டுத் தேனீப் பெட்டியைப் பத்திப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் அம்மா தேனீக்குச் சீனி கரைச்சு வைப்பாங்கன்னு. அதுக்கு ஒரு நேயர் அனுப்பின மெசேஜ் இது: "அப்போ நீங்க எடுக்கிறது தேனா, சர்க்கரைப் பாகா?"

நியாயமான கேள்விதான். "சர்க்கரை கலக்காத தேன்"னு விளம்பரம் பார்த்தே வளர்ந்தவங்க நாம. பதில் சொல்லணும்னா எங்க ஊர் வருஷம் எப்படி ஓடுதுன்னு முதலில் சொல்லணும்.

எங்க வீடு அழகியபாண்டியபுரம் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி தென்னையும் வாழையும். அதைத் தாண்டி மலைப்பக்கம் போனா கீரிப்பாறை வரைக்கும் ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி இந்த ரப்பரில் இருந்துதான் வருது. ஆனா ரப்பர் பூவில் இருந்து இல்லை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையை மொத்தமா உதிர்த்துட்டுத் துளிர் விடும். மூணு இலை சேர்கிற காம்பு முனையில் சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கு. இளந்தளிரா இருக்கும்போது அதில் இருந்து இனிப்பு நீர் கசியும். தேனீ அதை உறிஞ்சிட்டு வருது. இலை முத்தினதும் கசிவு நின்னுடும். ரெண்டு மூணு மாசத்துக்குள்ள முடியுற கொண்டாட்டம். (ரப்பர் தேன் பாட்டிலில் சீக்கிரமே உறைஞ்சு சீனி மாதிரி ஆகிடும். "கலப்படம்"னு திருப்பிக் கொடுத்தவங்க உண்டு. உறையறது அந்தத் தேனோட குணம்.)

ஜூன் வந்தா தென்மேற்குப் பருவமழை. அப்போ ரப்பரும் கிடையாது, பெரிசா வேற பூவும் கிடையாது. பூ இருந்தாலும் நாள் முழுக்கச் சாரல் அடிச்சா தேனீ வெளியே போக முடியாது. இத்தனைக்கும் ஏப்ரல் வரைக்கும் அதோட சேமிப்பை எடுத்தது நாமதான். அதனால ஆடி, ஆவணியில் சீனி கொடுக்கிறது அதுங்க பசிக்கு. தேன் அறையை அப்போ பெட்டியில் வைக்கிறதே இல்லை. ரப்பர் துளிர்க்கிறதுக்கு முன்னாடி சீனியை நிறுத்திட்டு, அப்புறம்தான் தேன் அறையை மேலே ஏத்தணும். தேன் அறையை வச்சுக்கிட்டே சீனி கொடுக்கிறவங்க இருந்தா, நம்ம நேயரோட சந்தேகம் அவங்க விஷயத்தில் சரிதான்.

இப்போ நான் செய்த தப்புக்கு வர்றேன்.

அப்பா இருந்தப்போ எங்ககிட்ட ஆறு பெட்டி. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையா சாய்ஞ்சு கிடந்துச்சு. ஆறில் மூணு பெட்டி அன்னைக்கு ராத்திரியே போச்சு. அப்பா போன பிறகு கவனிக்க ஆள் இல்லாம இன்னும் ரெண்டு போச்சு. மிச்சம் ஒண்ணு. நான் பெங்களூர் வேலையை வீட்டில் இருந்தே பார்க்கலாம்னு ஆனதும் ஊருக்கு வந்தேன். வந்த வேகத்தில், ஒரு ஜூன் மாசம், ஒருத்தர்கிட்ட புதுசா ஒரு கூட்டம் வாங்கினேன். மரப்பொந்தில் இருந்து பிடிச்ச கூட்டம். அடை கிடையாது, புழு கிடையாது, வெறும் தேனீயும் ராணியும். அதை வெறும் பெட்டிக்குள்ள தட்டி விட்டேன். மறுநாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், ஒரு கிண்ணம் நிறைய சீனிக் கரைசலைப் பெட்டி வாசல் பக்கத்திலேயே வச்சேன். அம்மா பார்த்துட்டு, "உள்ள வைக்கணும் மக்கா, அதுவும் சாயங்காலம் ஆக்கும்"னு சொன்னாங்க. நான் யூடியூப் பார்த்திருந்தேன், அதனால கேட்கலை.

பத்து நிமிஷத்தில் அப்பாவோட பழைய பெட்டித் தேனீக்கள் வந்துடுச்சு. கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு புதுப் பெட்டிக்குள்ளேயும் நுழைஞ்சுது. தேனீக்களில் திருட்டு உண்டு, வாசனை தெரிஞ்சா பலம் உள்ள கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கும். சிந்தின பாகுக்கு எறும்பு வேற வரிசை கட்டியது. நாலாவது நாள் பெட்டி காலி. செத்துப் போகலை, கிளம்பிப் போயிடுச்சு.

நம்ம இந்தியத் தேனீயோட இயல்பு இது. பெட்டிகளில் வளர்க்கிற இத்தாலியத் தேனீ, கஷ்டம் வந்தாலும் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போகாது. நம்ம ஊர்த் தேனீ பசியோ, எறும்போ, ஓயாத தொந்தரவோ வந்தா குடும்பத்தோட காலி பண்ணிடும். அதைப் பிடிச்சு நிறுத்துறது பிள்ளைகள்தான். புழு இருக்கிற ஒரு அடையைப் பழைய பெட்டியில் இருந்து எடுத்து உள்ளே வச்சிருந்தா, அதை விட்டுட்டுப் போக யோசிச்சிருக்கும். நான் கொடுத்தது வெறும் பலகை.

குளிர்நாடுகளிலும் கதை இதேதான், காரணம்தான் வேற. அமெரிக்காவில், கனடாவில் வசந்தகாலம் தொடங்கும்போது தேனீயை எடைக்கு வாங்குவாங்க. மூணு பவுண்டு, அதாவது ஒண்ணேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஏறக்குறைய பத்தாயிரம் தேனீ, தனிக்கூண்டில் ஒரு ராணி. ஏப்ரலில் அங்கே வெயில் அடிச்சாலும் திடீர்னு குளிர் திரும்பும். 10 டிகிரிக்குக் கீழே போனா தேனீ பறக்காது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொத்தா உட்கார்ந்துடும். புழுக்கள் இருக்கிற இடத்தை 34, 35 டிகிரியில் வச்சிருக்கணும். அந்தச் சூட்டுக்கும், அடை கட்டுற மெழுகுக்கும் எரிபொருள் இனிப்புதான். அதனால பாகைப் பெட்டிக்கு உள்ளேயே, கொத்துக்கு நேர் மேலே வைப்பாங்க. ரொம்பக் குளிர்ந்த பாகைத் தேனீ தொடாது. அங்கே குளிர் அடைச்சு வைக்குது, இங்கே மழை.

ரெண்டாவது முயற்சி அக்டோபரில். மிச்சம் இருந்த அந்த ஒரே பெட்டியைப் பிரிக்கிறதுன்னு முடிவு. அம்மாவுக்கு இஷ்டம் இல்லை. "உள்ளதும் போயிரும் மக்கா"ன்னாங்க. அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட்னு ஒரு வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவினது. புழு கூட்டுப்புழுவா மாற முடியாம, நீர் நிறைஞ்ச பை மாதிரி ஆகிச் செத்துடும். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் தொடங்கி வைத்து, ஊர் ஊரா, வீட்டுக்கு வீடு பரவியிருந்த தொழில் அது. சில மாசத்தில் வெறும் பெட்டிகள் மட்டும் மிஞ்சினது. தப்பிச்ச கூட்டங்களில் இருந்து மெல்ல மெல்லப் பெருக்கித்தான் திரும்ப இந்த இடத்துக்கு வந்திருக்கு. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதை நியூஸில் பார்த்திருப்பீங்க. எங்க வீட்டில் அதுக்கு யாரும் பெரிசா சந்தோஷப்படலை, இருந்தது ஒரு பெட்டி!

எங்க பெட்டி நியூட்டன் பெட்டி. 1910களில் ஃபாதர் நியூட்டன்னு ஒரு சேசு சபைப் பாதிரியார் நம்ம சின்னத் தேனீக்கு ஏத்த மாதிரி வடிவமைச்சது. கீழே புழு அறையில் ஏழு சட்டம். அதில் மூணு சட்டத்தை, மேலே ஒட்டியிருந்த தேனீக்களோட, புதுப் பெட்டிக்கு மாத்தினேன். ஒண்ணில் முட்டையும் புழுவும், ஒண்ணில் மூடின புழு, ஒண்ணில் மூடின ராணி அறை. பழைய ராணி பழைய பெட்டியிலேயே. பெட்டிக் காலுக்கு அடியில் தண்ணீர் ஊத்தின எறும்புக் கிண்ணம்.

அஞ்சாறு நாளில் புது ராணி வெளியே வந்துட்டா. ஆனா அவ இன்னும் கன்னி. ஒரு நல்ல வெயில் மத்தியானம் பார்த்து வெளியே பறந்து, ஆண் தேனீக்களோட வானத்திலேயே சேர்ந்துட்டுத் திரும்பி வரணும். அப்புறம்தான் முட்டை. ராணி ஓடாம இருக்க வாசலில் வைக்கிற தகட்டை இந்த மாதிரி நேரத்தில் வைக்கவே கூடாது, வச்சா அவ கல்யாணமே நடக்காது. இதைப் பக்கத்து ஊர் மாமா ஒருத்தர் சரியான நேரத்தில் சொன்னார். இல்லைன்னா வச்சிருப்பேன்.

அவ வெளியே வந்த மறுநாளே வடகிழக்குப் பருவமழை பிடிச்சுது. எட்டு நாள். ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள கூடலைன்னா அந்த ராணியால பிரயோஜனம் இல்லை. அவ போடுற முட்டை எல்லாம் ஆண் தேனீயாத்தான் பொரியும். நாம செய்ய முடிஞ்சது ஒண்ணுதான், மழை விடுற வரைக்கும் பெட்டி பசியில் கலையாம பார்த்துக்கிறது.

200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வச்சு, அடுப்பில் இருந்து இறக்கி, 200 கிராம் வெள்ளைச் சீனியைக் கலக்கினேன். சீனி போட்டுக் காய்ச்சக் கூடாது, கருகினா தேனீக்கு ஆகாது. கருப்பட்டி, வெல்லமும் வயித்தைக் கெடுக்கும். கடைத் தேன் வேண்டவே வேண்டாம், வேற கூட்டத்து நோய் கூடவே வரும். நல்லா ஆறினதும் சிரட்டையில் ஊத்தி, மூழ்காம நின்னு குடிக்க ரெண்டு காய்ஞ்ச குச்சி போட்டு, இருட்டினப்புறம் பெட்டிக்கு உள்ளே வச்சேன். ரெண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில், அப்போதான் திருட்டு வராது. புதுப் பெட்டி வாசலை ரெண்டு தேனீ போகிற அளவுக்குச் சுருக்கினேன். மூணு நாளுக்கு ஒரு தடவை. காலையில் மிச்சம் இருந்தா எடுத்துடணும், புளிச்சுடும்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் நான் ஆஃபீஸ் காலில் இருக்கேன். அம்மா ஜன்னல் வழியா, "வெயிலு வந்தாச்சு மக்கா"ன்னு சத்தம் போடுறாங்க. போய்ப் பார்த்தா வாசலில் ஒரே கூட்டம். ராணி போனாளா, வந்தாளான்னு எனக்குத் தெரியலை. அன்னைக்குப் பெட்டியைத் திறக்கவும் கூடாது, திரும்பி வர்றவளுக்கு வழி குழம்பிடும்.

ஒரு வாரம் பொறுத்துத் திறந்தேன். சட்டத்தை முதுகுப் பக்கம் வெயில் விழுற மாதிரி பிடிச்சு, அறைக்குள்ள பார்த்தேன். ஒரு அறைக்கு ஒரு முட்டை, சரியா அடியில் நடுவில். ஒரே அறையில் நாலஞ்சு முட்டை, சுவரில் ஒட்டிக் கிடந்தா ராணி இல்லை, பணித் தேனீக்கள் இட்டதுன்னு அர்த்தம். இது ஒவ்வொண்ணா இருந்துச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "சரி, இனி சீனி வெள்ளத்தைக் குறைச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

டிசம்பர் பாதியில் மொத்தமா நிறுத்தினேன். இப்போ பின்னாடி ரப்பர் இலை உதிர ஆரம்பிச்சிருக்கு. பழைய பெட்டிக்கு மட்டும் இந்த வருஷம் தேன் அறை ஏத்துறோம். புதுசு தனக்குத் தானே சேர்த்துக்கட்டும்.