மருத்துவக் கருத்து ஏன் மாறுகிறது?

"அன்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்களே?" என நோயாளிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே.

வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையும் அமிலமுமே காரணம் என மருத்துவர்களாகிய நாங்கள் நெடுங்காலம் கருதினோம். 1980களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்னும் கிருமியைச் சுட்டினர். இரைப்பை அமிலத்தில் கிருமி வாழாது எனப் பலர் மறுத்தனர். 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். பின்னர்ச் சான்றுகள் பெருகின. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பழைய கருத்து முழுதும் பொய்க்கவில்லை. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை இன்றும் தருகிறோம். கிருமி இருப்பின் அதை ஒழிக்கும் மருந்தையும் சேர்க்கிறோம். அதனால் புண் திரும்ப வருவது குறைகிறது.

பல்லாண்டுகளாக அமில மாத்திரை மட்டும் உட்கொள்வோர், கிருமிப் பரிசோதனை தேவையா என எங்களிடம் கேளுங்கள். மருந்தைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.